வரனின் பெயர் நாக்கில் கசக்கிறது, இந்தச் சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு 27 வயது. கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஆட்களின் பெயரைக் கேட்டால், படித்தால், மனதுக்குள் நினைத்தால்கூட நாக்கில் ஒரு சுவை வரும். எல்லாப் பெயருக்கும் இல்லை, நிறைய பெயர்களுக்கு. கேசவன் என்றால் நெய் வடியும் கேசரி. அது எங்கள் மாமா பெயர், சீட்டுப் பணத்தில் அப்பாவை ஏமாற்றியவர், ஆனாலும் பெயரைச் சொன்னால் கேசரிதான். பள்ளிக்கூடத்திலிருந்து என் உயிர்த்தோழி சோபியா. அவள் பெயர் சோப்பு நுரை வாய்க்குள் போன மாதிரி. சோஃபி என்று சுருக்கிக் கூப்பிட்டாலும் சோப்புதான். சின்ன வயதில் அம்மாவிடம் சொன்னபோது "உளறாதே" என்று அதட்டினார், அப்புறம் நான் பேச்சையே எடுக்கவில்லை. தம்பி மட்டும் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை என்றால் தனக்கு ஊதா நிறம் தெரியும் என்றான்.

இப்போது ஒரு வரன் வந்திருக்கிறது. பெயர் மாதவன். குடும்பத்தோடு பார்த்தாயிற்று, போனில் பேசிக்கொண்டிருக்கிறோம், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் காதில் விழுந்ததும், குழந்தைகளுக்கு மாத்திரையைத் தூள் பண்ணிக் கரண்டியில் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுப்பார்களே, அந்தக் கசப்பும் மாவு மாதிரி ஒரு பிசுபிசுப்பும் நாக்கு முழுக்க வந்துவிடுகிறது. எனக்குச் சின்ன வயதில் மூச்சிழுப்பு வரும், அந்தக் கரண்டியை மறக்கவே முடியாது. அத்தையிடம் லேசாகச் சொன்னேன். "பெயரே கசக்குதுன்னா அது சகுனம், வேண்டாம்னு சொல்லிடு" என்கிறார். அம்மாவோ, "கல்யாணத்துக்கு முன்னாடி இதையெல்லாம் வாயைத் திறந்து சொல்லிடாதே" என்கிறார். இது மனநோயா? என் உள்மனசு எதையாவது எச்சரிக்கிறதா? மருந்து உண்டா? பிறக்கும் குழந்தைக்கும் வருமா? அவரிடம் சொல்லலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். ஒலியைப் பற்றியே பேச வேண்டியிருப்பதால் மூன்று பெயர்களையும் உங்கள் சம்மதத்தோடு அப்படியே விட்டிருக்கிறேன், ஊரையும் வேலையையும் மாற்றிவிட்டேன், ஆகவே தைரியமாகப் படியுங்கள்.

முதலில் உங்களை இத்தனை வருடம் அரித்துக்கொண்டிருக்கும் கேள்விக்குப் பதில். இது மனநோய் இல்லை. நான் ஒரு மனநல மருத்துவர், மனநோய்களை வகைப்படுத்த நாங்கள் பயன்படுத்தும் உலகளாவிய பட்டியல்கள் இரண்டு இருக்கின்றன, இரண்டிலுமே இது நோயாகச் சேர்க்கப்படவில்லை. இதற்குப் பெயர் சினெஸ்தீசியா. ஒரு புலனுக்குள் வரும் செய்தி இன்னொரு புலனையும் சேர்த்துத் தட்டி எழுப்புவது. எழுத்தைப் பார்த்தால் நிறம் தெரிவது, இசையைக் கேட்டால் வடிவங்கள் தெரிவது, பன்னிரண்டு மாதங்களும் தன்னைச் சுற்றி ஒரு வளையமாக நிற்பது என்று இதில் பல வகை உண்டு. உங்கள் தம்பியின் ஊதாச் செவ்வாயும் அதில் ஒன்றுதான். 2006இல் பிரிட்டனில் பல்கலைக்கழக மாணவர்களை முறையாகச் சோதித்துப் பார்த்தபோது நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் ஏதோ ஒரு வகையில் இது இருந்தது. உங்களுக்கு இருப்பது வார்த்தைக்குச் சுவை வரும் வகை, அது மிகவும் அரிது, அதனால்தான் உங்களைப் போல இன்னொருவரை நீங்கள் பார்த்ததில்லை.

"கற்பனையாக இருக்குமோ, நானே கிளப்பிக்கொள்கிறேனோ" என்ற சந்தேகமும் உங்கள் கடிதத்தில் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 1987இல் சைமன் பேரன்-கோஹனும் அவருடைய சகாக்களும், வார்த்தையைக் கேட்டால் நிறம் தெரிகிறது என்று சொன்ன ஒரு பெண்ணிடம் நூற்றுக்கும் மேற்பட்ட வார்த்தைகளைப் படித்துக் காட்டிப் பதிலைக் குறித்துக்கொண்டார்கள். பத்து வாரம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் மறுபடி கேட்டார்கள். ஒன்றுகூட மாறவில்லை. இந்த அனுபவம் இல்லாத, அதே அளவு ஞாபகசக்தி உள்ள ஒருவர் இரண்டே வாரத்தில் நூற்றுக்குப் பதினேழுதான் சரியாகச் சொன்னார். நீங்களும் செய்து பார்க்கலாம். தம்பியை ஐம்பது பெயர்கள் எழுதச் சொல்லுங்கள், தெரிந்தவர்கள் பெயர், தெரியாத பெயர் கலந்து. ஒவ்வொன்றுக்கும் வரும் சுவையை எழுதி அவனிடமே கொடுத்துவிடுங்கள், நீங்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து அவனுக்குத் தோன்றும் ஒரு நாளில் வரிசையை மாற்றிக் கேட்கட்டும். பெரும்பாலும் அப்படியே ஒத்துப்போகும். அம்மாவுக்குக் காட்டவும் அந்தத் தாள் உதவும்.

சரி, இப்போது மாதவன் விஷயத்துக்கு வருவோம். அத்தை சொல்லும் சகுனம், நீங்கள் கேட்கும் உள்மனசு எச்சரிக்கை, இரண்டுக்கும் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் கொடுத்த மூன்று பெயரையும் அதன் சுவையையும் பக்கத்தில் வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கேசவன், கேசரி. சோபியா, சோப்பு. மாதவன், மாத்திரை.

மூன்றிலும் பெயர் தொடங்கும் ஒலியும் சுவையின் பெயர் தொடங்கும் ஒலியும் ஒன்றாகவே இருக்கின்றன. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஜேமி வார்டு, ஜூலியா சிம்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் இதே வகை அனுபவம் உள்ள ஓர் ஆங்கிலேயரின் வார்த்தைகளை நூற்றுக்கணக்கில் வாங்கி அலசினார்கள். அவருக்குக் காலேஜ், மெசேஜ் போன்ற வார்த்தைகள் சாசேஜ் என்ற இறைச்சி உணவின் சுவையாக வந்தன. மூன்றிலும் கடைசியில் வரும் ஒலி ஒன்றுதான், பாருங்கள். அதாவது ஓர் உணவின் பெயரில் இருக்கும் ஒலி, அந்த ஒலி வரும் மற்ற வார்த்தைகளுக்கும் தன் சுவையைக் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறது. அவர்கள் கண்ட இன்னொன்று உங்களுக்கு இன்னும் முக்கியம். வரும் சுவைகளில் பெரும்பகுதி அந்த மனிதர் சிறுவயதில் சாப்பிட்டவை, பெரியவரான பிறகு பழகிய உணவுகள் குறைவு. பேச்சைக் கற்றுக்கொண்டிருக்கும் வயதில், வாய்க்குள் என்னென்ன போனதோ அது வார்த்தைகளோடு பின்னிக்கொண்டு அப்படியே உறைந்துவிடுகிறது.

உங்களுக்கு இழுப்பு வந்த நாட்களில் வீட்டில் "மாத்திரை" என்ற சொல் எத்தனை முறை காதில் விழுந்திருக்கும், அந்தக் கரண்டி எத்தனை முறை வாய்க்கு வந்திருக்கும்? அந்தக் கசப்பு "மா" என்று தொடங்கி நாக்கு பல்லைத் தொடும் அந்த ஒலியில் உட்கார்ந்துவிட்டது, அதுவும் இந்த மாப்பிள்ளை உங்கள் வாழ்க்கைக்குள் வருவதற்கு இருபது வருடம் முன்பே. இன்று இந்த மாதவன் இல்லாமல் வேறு எந்த மாதவன் வந்து நின்றிருந்தாலும் இதே கரண்டிதான் நீட்டப்பட்டிருக்கும். அந்த மனிதரைப் பற்றி உங்கள் நாக்குக்கு ஒன்றுமே தெரியாது.

மூன்று பெயரை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல வேண்டாம் என்பதால் நீங்களே சரிபாருங்கள். மாதம், மாதிரி, மாதா என்ற சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, லேசாகவாவது அந்தக் கசப்பு வருகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் மாதுளை என்று சொல்லுங்கள். உணவுப் பெயர்கள் பொதுவாகத் தங்கள் சொந்தச் சுவையோடுதான் வரும், ஆகவே அங்கே மட்டும் மாதுளையே வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். கேசவன் மாமா பெயர் நெய் கேசரியாக இனிக்கிறது, அவர் உங்கள் அப்பாவின் சீட்டுப் பணத்தை விழுங்கியவர். சோபியா பெயரில் சோப்பு நுரை, அவள் இத்தனை வருடம் உங்கள் உயிர்த்தோழி. சுவையை வைத்து ஆளை அளப்பதானால் நீங்கள் மாமாவை நம்பியிருக்க வேண்டும், சோபியாவை ஒதுக்கியிருக்க வேண்டும். நீங்கள் அப்படிச் செய்யவில்லை, ஏனென்றால் அந்த இரண்டு பேர் விஷயத்திலும் உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது, பெயரின் சுவை வேறு, ஆள் வேறு என்று. மாதவன் புதியவர், இன்னும் அவரைப் பற்றி அதிகம் தெரியாது, கல்யாணம் என்ற பெரிய முடிவும் கூடவே நிற்கிறது, அந்தப் பயத்தில் நாக்கு சொல்வதற்கு இல்லாத அர்த்தத்தைக் கொடுக்கிறீர்கள். அத்தைக்கு உங்கள் மேல் அக்கறைதான், அதை மதிக்கிறேன், ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வதைக் கேட்டு ஒரு நல்ல மனிதரை இழந்துவிட வேண்டாம். அவரை வேண்டாம் என்று சொல்ல வேறு காரணம் இருந்தால், பேச்சு, பழக்கம், குணம், வேலைக்குப் போவதைப் பற்றி அவர் நினைப்பது என்று எதுவாக இருந்தாலும், அந்தக் காரணத்துக்காகச் சொல்லுங்கள்.

இப்படி ஒரு புலன் இன்னொரு விஷயத்தின் மேல் பழி போடுவது இந்த அனுபவம் உள்ளவர்களுக்குப் புதிதில்லை. ரஷ்ய உளவியலாளர் லூரியா பல வருடம் கவனித்து எழுதிய ஷெரெஷெவ்ஸ்கி என்ற மனிதருக்கு ஐந்து புலன்களும் ஒன்றோடொன்று கலந்து வரும். ஒருமுறை ஐஸ்கிரீம் வாங்கப் போயிருக்கிறார். என்ன வகை இருக்கிறது என்று கேட்டதற்கு விற்கிற பெண் சொன்ன பதிலின் தொனியில், அவள் வாயிலிருந்து கரித்துண்டுகளும் சாம்பலும் கொட்டுவது போல இவருக்குத் தெரிந்துவிட்டது, வாங்க மனமில்லாமல் போய்விட்டது. ஐஸ்கிரீமில் ஒரு குறையும் இல்லை.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான் டியாகோவில் ஆராய்ச்சி செய்யும் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001இல் ஒரு விளக்கம் தந்தார்கள். எழுத்தை அடையாளம் காணும் பகுதியும் நிறத்தை உணரும் பகுதியும் மூளையில் பக்கத்துப் பக்கத்து வீடுகள், சிலருக்கு நடுச்சுவரில் ஒரு கதவு கூடுதலாக இருந்துவிடுகிறது, அதனால் இந்த வீட்டில் விளக்கு போட்டால் அந்த வீட்டிலும் வெளிச்சம் விழுகிறது என்பதுதான் அதன் சாரம். உங்கள் வகையில் சுவையை உணரும் இன்சுலா என்ற பகுதியும், அதை ஒட்டி இருக்கும் பேச்சு சம்பந்தப்பட்ட பகுதிகளும் அப்படி இணைந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். எல்லோருக்கும் இருக்கும் கதவுதான், மற்றவர்களுக்குச் சாத்தியிருக்கிறது, சிலருக்குத் திறந்திருக்கிறது என்று வேறு சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எந்த விளக்கம் சரியானாலும் இதில் சேதம், அழுகல், கட்டி என்று எதுவும் இல்லை, பிறவியிலேயே அமைந்த ஒரு வித்தியாசம்.

மருந்து? கிடையாது, தேவையும் இல்லை. யாராவது "காதில் கேட்காதது கேட்கிறது மாதிரிதானே இதுவும்" என்று நினைத்து மனச்சிதைவுக்கான மாத்திரையை எழுதிக் கொடுத்தால் வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். இல்லாத குரல் கேட்பதற்கும் இதற்கும் தெளிவான வித்தியாசம் இருக்கிறது. உங்களுக்கு எப்போதும் ஒரு வார்த்தைதான் சுவையைக் கொண்டுவருகிறது, ஒரே வார்த்தைக்கு ஒரே சுவை, வாயில் உண்மையில் எதுவும் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஆனால் கசப்போடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்பது நியாயமான கவலை. நாளைக்கு மாமியார் "மாதவா" என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும், அதுவும் நீங்கள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, அது வரும். இதில் சில விஷயங்கள் உங்கள் பக்கம் இருக்கின்றன. கவனம் வேறெங்காவது இருக்கும்போது சுவை மங்கும், அதையே எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் தூக்கலாக வரும், இதை நீங்களே கவனித்திருப்பீர்கள். சோபியா என்ற பெயரை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்கிறீர்களா? சுவை போயிருக்காது, அது உங்களைத் தொந்தரவு பண்ணுவது போயிருக்கும். இந்தக் கசப்பிலும் அந்த அளவுக்குப் பழகுவதுதான் நடக்கக்கூடியது. வாயில் ஒரு ஏலக்காயோ கிராம்போ போட்டுக்கொண்டால் சமாளிக்க முடிகிறதா என்றும் பாருங்கள், கெடுதல் ஒன்றுமில்லை.

அப்புறம், அவரை அந்தப் பெயரால்தான் கூப்பிட வேண்டும் என்று யார் சொன்னது? நம் பாட்டிமார்கள் பலர் ஆயுள் முழுக்கத் தாத்தாவின் பெயரை வாயில் எடுக்காமலே குடும்பம் நடத்தினார்கள். அந்தக் கட்டுப்பாடு திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, இருவருக்கும் பிடித்த ஒரு கூப்பிடு பெயரை வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். மாது, மாதவ், மேடி என்றெல்லாம் முதலிலேயே முடிவு செய்துவிடாதீர்கள், முதல் இரண்டும் அதே ஒலியில் தொடங்குபவை, சோஃபி என்று சுருக்கியும் சோப்பு போகவில்லை அல்லவா. முற்றிலும் வேறு ஒலியில் தொடங்கும் பெயராகப் பாருங்கள், ஒரு வாரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து என்ன வருகிறது என்று கவனித்துவிட்டு வையுங்கள். கேசரியோ அதிரசமோ வருகிற பெயராக அமைந்தால் இன்னும் நல்லது.

அவரிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லுங்கள். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது, பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போனால் அது ஊரில் என்னவாக மாறும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இதை மறைத்துவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அவர் பெயர் காதில் விழும்போதெல்லாம் உங்கள் உதட்டோரம் லேசாகச் சுளிக்கும், கூட வாழ்கிறவர் கண்ணில் அது படாமல் போகாது, காரணம் தெரியாத மனிதர் அதற்குத் தானே ஒரு காரணம் வைத்துக்கொள்வார், அது நிச்சயம் உண்மையைவிட மோசமானதாக இருக்கும்.

எப்படிச் சொல்வது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். எடுத்தவுடன் "உங்க பேரு எனக்குக் கசக்குது" என்று ஆரம்பிக்காதீர்கள். போனில் வேண்டாம், நேரில் பேசுங்கள். ஒரு தாளில் இரண்டு உருவம் வரையுங்கள், ஒன்று முள் முள்ளாகக் கூர்மையாக, இன்னொன்று மேகம் மாதிரி வளைவு வளைவாக. "இதில் ஒன்றுக்குப் பெயர் கிக்கி, இன்னொன்றுக்குப் பூபா, எது எது?" என்று கேளுங்கள். கூர்மையானதைத்தான் அவர் கிக்கி என்பார், அநேகமாக எல்லோருமே அப்படித்தான் சொல்வார்கள். உளவியலாளர் வூல்ஃப்காங் கோலர் வேறு பெயர்களை வைத்து இதுபோல ஒன்றை 1929இல் எழுதினார், ராமச்சந்திரனும் ஹப்பர்டும் கிக்கி, பூபா என்று மாற்றி அமெரிக்க மாணவர்களிடமும் தமிழ் பேசுகிறவர்களிடமும் கேட்டார்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒரே பதில். காதில் விழும் ஒலிக்கும் கண்ணில் படும் வடிவத்துக்கும் ஏதோ ஓர் ஒட்டு நம் எல்லோருக்குமே இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு, "எனக்கு அது கொஞ்சம் அதிகம்" என்று சோபியாவின் சோப்பையும் மாமாவின் கேசரியையும் சொல்லுங்கள். "அப்போ என் பேரு?" என்று அவரே கேட்பார். அப்போது மாத்திரைக் கரண்டியை மறைக்காமல் சொல்லுங்கள், அது ஏன் அப்படி என்பதையும் சேர்த்து. அவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று கவனியுங்கள். ஆர்வமாக இன்னும் நாலு பெயர் கேட்கிறாரா, சிரித்துவிட்டு உங்களுக்காக ஒரு பெயர் தேடுகிறாரா, இல்லை முகம் மாறி "இதை வீட்டில் பேசிட்டுச் சொல்றேன்" என்கிறாரா? இந்தச் சம்பந்தத்தைப் பற்றி முடிவெடுக்க அந்தப் பதில் உங்களுக்கு உதவும்.

குழந்தைக்கு வருமா என்றால், வரலாம். இது குடும்பங்களில் ஓடுகிற விஷயம், ஆனால் அதே வகையாகத்தான் வரும் என்றில்லை, உங்களுக்குச் சுவை, தம்பிக்கு நிறம் என்று உங்கள் வீட்டிலேயே அது தெரிகிறது. அம்மா, அப்பா இருவரில் ஒருவருக்கும்கூட ஏதாவது இருந்து, அவர்களும் சின்ன வயதில் ஓர் அதட்டலுக்குப் பயந்து பேசாமல் இருந்திருக்கலாம், ஒரு நாள் நல்ல மனநிலையில் கேட்டுப் பாருங்கள். எழுத்தாளர் நபக்கோவ் சிறுவனாக இருந்தபோது தன் விளையாட்டு எழுத்துக்கட்டைகளின் நிறமெல்லாம் தப்பாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார், அம்மா அவரை அதட்டவில்லை, தனக்கும் எழுத்துகளுக்கு நிறம் உண்டு என்றார். நபக்கோவின் மகனுக்கும் பின்னால் அது வந்தது. உங்கள் குழந்தைக்கு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு சின்ன விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள், எண்களுக்கு நிறம் தெரியும் குழந்தைக்கு, அந்த எண்ணை வேறு நிறத்தில் அச்சடித்த கணக்குப் புத்தகம் தடுமாற்றத்தைத் தரலாம், அப்போது கறுப்பு மையில் எழுதிக் கொடுத்தால் போதும்.

கடைசியாக, எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வார்த்தை எதுவும் இல்லாமலே திடீரென்று வாயில் உலோகச் சுவையோ மூக்கில் எரிந்த நாற்றமோ வந்து, வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போலத் தோன்றி, ஓரிரு நிமிடம் சுற்றி நடப்பது தெரியாமல் போனால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கக்கூடும், உடனே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். தலையில் அடிபட்ட பிறகு சுவைகள் மாறினாலோ, புதிதாக ஒரு மருந்து தொடங்கியதும் வாய் கசந்தாலோ, அதுவும் காட்ட வேண்டியதுதான். சுவைக்குப் பயந்து சாப்பாடு குறைந்து எடை இறங்கினாலோ, ஆட்களையும் கூட்டங்களையும் தவிர்க்க ஆரம்பித்தாலோ ஒரு மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள், சுவையைப் போக்க அல்ல, அந்தத் தவிர்ப்பை உடைக்க அவரால் உதவ முடியும். எந்த மருத்துவரிடம் போனாலும் "வாய் கசக்குது டாக்டர்" என்று ஆரம்பித்தால் கல்லீரல் பரிசோதனைக்குத்தான் எழுதுவார். "பெயர்களைக் கேட்டால் சுவை தெரிகிறது, நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது, ஒவ்வொரு பெயருக்கும் மாறாத சுவை" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, தம்பி எழுதிய அந்த ஐம்பது பெயர்ப் பட்டியலை மேசையில் எடுத்து வையுங்கள்.